இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவள்

கடலில் நான் எப்போதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டுதான் போவேன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நெடுந்தூரக் கடல் நீச்சலில் சாம்பியன் என்று மேடையில் ஏற்றிச் சால்வை போடுகிறவர்களிடம், இந்த அம்மாளுக்கு நேராக நீந்தத் தெரியாது என்றால் நம்புவார்களா? ஆனால் அதுதான் நிஜம். குற்றம் கடலுடையது அல்ல. எங்கள் தோட்டத்துக் கிணற்றுடையது.

ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா, அதற்கும் அந்தப் பக்கம் கடல் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். பாறையை வெட்டி இறக்கிய பெரிய சதுரக் கிணறு. வாய்க்காலில் தண்ணீர் விட்ட மாதங்களில் ஊற்றெடுத்து மேலே ஏறிவிடும். படி இறங்கும் மூலையிலிருந்து புறப்பட்டுச் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி நீந்துவேன். வலது கைப்பக்கம் பாறை. அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினால் மூக்கு உடையும். அதனால் மூச்செடுக்க இடப்பக்கம்தான் திரும்புவேன். ஒவ்வொரு மூலையிலும் இடப்பக்கம்தான் வளைவேன். எட்டு வயதிலிருந்து கல்லூரிக்குப் போகும் வரை இப்படியே சுற்றினால் உடம்பு என்ன கற்றுக்கொள்ளும்? செக்கு மாடு கற்றுக்கொண்டதைத்தான்.

"ஒத்தையில கெணத்துல எறங்குனீன்னா காலை ஒடச்சுப்போடுவேன்" என்பது அப்பாவின் சட்டம். அதனால் துணைக்குத் தங்கை வருவாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவளுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது, முழங்கால் நனைந்தால் ஊரைக் கூட்டுவாள். படியின் மேல் தட்டில் உட்கார்ந்துகொண்டு, புளியங்கொட்டைகளை ஒரு குவியலிலிருந்து எடுத்து இன்னொரு குவியலில் போட்டு என் சுற்றுகளை எண்ணுவாள். நான் இரண்டு சுற்று கூட்டிச் சொன்னால் விடவே மாட்டாள். நீந்தப் பிடித்தது எனக்கு. தனக்கு ஆகாத ஒன்றின் பக்கத்தில் வந்து நாள் தவறாமல் உட்கார்ந்தது அவள். அப்போது எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

கோயமுத்தூரில் கல்லூரியில் சேர்ந்தபின் நீச்சல் குளத்தில், அடியில் கோடு போட்ட பாதையில் நீந்தினேன். கோடு இருந்ததால் என் கோணல் யாருக்கும் தெரியவில்லை. மணிக்கணக்காக நிற்காமல் நீந்துகிறாளே என்று பார்த்த பயிற்சியாளர், என்னைக் கேட்காமலேயே ஒரு கடல் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். கிழக்குக் கரையில் ஓர் ஊர். கரையை ஒட்டித் தெற்கு நோக்கி நீந்த வேண்டும், அவ்வளவுதான். நானும் உயிரைக் கொடுத்து நீந்தினேன். அரை மணி நேரம் கழித்து ஒரு படகு பக்கத்தில் வந்தது. அதில் நின்றிருந்த மீனவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏம்மா, எங்க போற? அந்தமானுக்கா?" என்றார். தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், கரை எங்கோ கிடக்கிறது. மற்ற பெண்களின் தொப்பி ஒன்றைக்கூடக் காணோம். வெட்கமென்றால் வெட்கம், அப்படியொரு வெட்கம்!

தலையைத் தூக்கி முன்னால் பார்த்துப் பார்த்து நீந்து என்றார் பயிற்சியாளர். எனக்கு அது வரவே இல்லை. தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் வேகம் போகும். சரி, துணைப் படகை இடப்பக்கம் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து நீந்து என்றார். படகில் எதைப் பார்ப்பது, பலகையையா? அடுத்த போட்டிக்கு வேடிக்கை பார்க்க வந்த தங்கை படகில் ஏறியது தற்செயல்தான். யாரும் அவளை ஏறச் சொல்லவில்லை. "நீ மறுக்காவும் எங்கயாச்சும் போயிருவேக்கா. நானும் வாரேன்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு மூச்சுக்குத் திரும்பிய ஒவ்வொரு தடவையும் படகின் ஓரத்தில் அவள் முகம் இருந்தது. நான் கோணினால் புருவம் சுருங்கியது. நேராகப் போனால் வாய் லேசாகத் திறந்திருந்தது. கையாட்டவோ கத்தவோ தேவையே இருக்கவில்லை. அந்த முகம் சொன்னபடி நீந்தினேன், முதலாவதாக வந்தேன். அவள் படகிலிருந்து இறங்கியதும் மணலில் அப்படியே சாய்ந்துவிட்டாள். "பொண்ணு கெளம்புனதுலேந்து வாந்திதான்," என்றார் படகுக்காரர். "தண்ணி எறைக்கிற சட்டிய மடியில வெச்சுக்கிட்டு அதுலயே எடுத்துச்சு. ஆனா உன் பக்கத்துலேந்து கண்ண எடுக்கலம்மா." நான் பதக்கத்தைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். "நாறுதுக்கா, தள்ளிப் போ," என்றாள்.

அதற்குப்பின் ஏழு வருடம், நான் இறங்கிய எல்லாக் கடலிலும் அவள் இடப்பக்கம் உட்கார்ந்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நினைத்தபோது லீவு தர முடியாது என்றார்கள், விட்டுவிட்டாள். கேழ்வரகை வறுத்து அரைத்து, கருப்பட்டி போட்டுத் தண்ணீராகக் கஞ்சி காய்ச்சி, பாட்டிலில் ஊற்றிக் கயிறு கட்டி எனக்கு வீசுவாள். கயிறு எதற்கென்றால், எங்கள் நீச்சலில் கரையேறும் வரை படகையும் தொடக்கூடாது, படகில் இருப்பவரையும் தொடக்கூடாது. ஒரு விரல் பட்டால்கூட அத்தனை மணி நேரமும் வீண். "குடி, மூடு, போடு" என்பாள். அதுதான் எங்கள் மொத்தப் பேச்சும். எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம் பேசாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். உலகத்தில் எந்த அக்கா தங்கையும் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

இதில் எனக்குக் கிடைத்தது பதக்கம். அவளுக்குக் கிடைத்தது வெயில். நானும்தான் கறுத்தேன். ஆனால் சாம்பியன் கறுத்தால் உழைப்பு என்பார்கள், படகில் உட்கார்ந்தவள் கறுத்தால் கறுப்பு என்பார்கள். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் பக்கத்து மரியாதை ஒரு சொல்லும் குறையாமல் பேசினார்கள். "பொண்ணு நெம்ப நல்ல பொண்ணுங்க. கொஞ்சம் வெயில்ல இருந்துட்டாப்ல தெரியுதுங்க. ஊட்டுக்குப் போயி ரோசன பண்ணிச் சொல்றோமுங்க." அவர்கள் இன்னும் ரோசனை பண்ணிக்கொண்டேதான் இருக்கிறார்கள்! மூன்று இடம் இப்படித் தட்டிப்போனது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, காப்பி டம்ளரை எடுத்து எறியலாமா என்றிருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அடுத்த போட்டிக்கும் அவள் வருவாள் அல்லவா? இதை எழுதக் கை கூசுகிறது. என்ன செய்வது, அப்படித்தான் இருந்தேன்.

நான்காவதாக அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவருக்கு அவளைப் பிடித்துவிட்டது. நல்ல மனிதர். வருடத்துக்கு ஒரு முறை சந்தையில் குதிரைகளை வாய் பிளந்து பார்ப்பதைத் தவிர வேறு எந்தப் பைத்தியமும் இல்லாதவர். பங்குனிக் கடைசியில் முகூர்த்தம் வைத்தார்கள். அதே பங்குனியில்தான் என் வாழ்க்கையின் பெரிய நீச்சலும் வந்து நின்றது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி. இரண்டு நாட்டு அனுமதிக்கும் ஒன்றரை வருடம் நடையாய் நடந்திருந்தோம். கிடைத்தது ஐந்தே நாள். ஐந்தாவது நாள் கல்யாணம். முதல் நாளே நீந்தி முடித்தால் தாராளமாக வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கல்யாணப் பெண்ணைக் கடலுக்கு விடுவார்களா? இந்த ஒரு தடவை அவள் இல்லாமல்தான் நீந்த வேண்டும் என்று ஆயிற்று. "சீக்கிரம் வந்துருக்கா. மொகூர்த்தச் சீலைய நீதான் கட்டி உடோணும். பியூட்டி பார்லர்காரி கட்டுனா எனக்கு மூச்சு முட்டும்," என்று சொல்லி அனுப்பினாள்.

காற்று விடவில்லை. ராமேஸ்வரத்தில் ஒரு விடுதியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக அலையைத் திட்டிக்கொண்டிருந்தேன். முதல் நாள் போயிற்று, இரண்டாம் நாள் போயிற்று, மூன்றாம் நாளும் போயிற்று. நான்காம் நாள் மத்தியானம் காற்று திடீரென்று அடங்கியது. நாளைக்கு நீந்தலாம், இப்போதே புறப்பட்டு அந்தக் கரைக்குப் போய்விட வேண்டும் என்றார் படகுக்காரர். நாளைக்குத்தான் முகூர்த்தம். அனுமதியின் கடைசி நாளும் அதுதான். படகில் ஏறாமல் ஒரு கார் பிடித்தால் தாலி கட்டுவதற்குள் ஊருக்குப் போய்விடலாம். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

போன் செய்தேன். அவளைச் சுற்றி உறவுக்காரர்களின் ஒரே இரைச்சல்.

"நாளைக்கு உட்டா மறுபடி கெடைக்காதாக்கா?"

"கெடைக்காது கண்ணு."

அந்தப் பக்கம் யாரோ பூக்கூடையை எங்கே வைப்பது என்று கேட்பது கேட்டது.

"அப்ப நீ நீஞ்சிட்டு வா. தாலி கட்டறதுக்கு அவரு வந்தாப் போதும், நீ எதுக்கு?" என்று சிரித்தாள்.

நான் அந்தச் சிரிப்பை அப்படியே எடுத்துக்கொண்டேன். வேறு மாதிரி எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அப்பா போனைப் பிடுங்கி, "நீ வரலீன்னா இனி என்ற மூஞ்சில முழிக்காத," என்றார். அதையும் கேட்டுவிட்டுத்தான் படகேறினேன்.

விடியும்போது தலைமன்னாரில் இறங்கி நீந்தத் தொடங்கினேன். இந்நேரம் கல்யாணத்தை நடத்தி வைக்கும் அருமைக்காரர் தாலியை எடுத்துக் கொடுத்திருப்பார் என்று நினைத்த நேரத்தில் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் உட்காரும் இடத்தில், நான் படகைத் தொடுகிறேனா என்று பார்க்க வந்த கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மடியில் ஒரு நோட்டு. நான் கோணினாலும் நேராகப் போனாலும் அவருக்கு ஒரே மூஞ்சிதான். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை விலகிப் போனேன், பயிற்சியாளர் விசிலடித்துத் திருப்பினார். அழுகை வந்தது. நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு அழுதால் கண்ணீர் வெளியே போகாது, உள்ளேயே தேங்கி நிற்கும், அது வேறு எரிச்சல். பிறகு கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அந்தக் கோபத்தில் தலையைத் தூக்கி முன்னால் பார்த்தேன். இத்தனை வருடம் வராத வித்தை அன்றைக்கு வந்துவிட்டது! பார்த்தேன், நீந்தினேன், மறுபடி பார்த்தேன். பொழுது சாய்வதற்குள் தனுஷ்கோடி மணல் காலில் பட்டது.

மணலில் டிவிக்காரர்கள் மைக்கோடு நின்றிருந்தார்கள். தங்கையின் கல்யாணத்தையே தியாகம் செய்துவிட்டு நீந்தியிருக்கிறீர்களே, எப்படி உணர்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். தியாகம் செய்தது யார், பேர் வாங்குவது யார்! அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். உப்பில் வீங்கிய வாயை வைத்துக்கொண்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இவ்வளவு நாளா படகுல ஒருத்தர் மூஞ்சியப் பாத்துத்தான் நீந்துவேன். எனக்கு யார் மூஞ்சியும் தேவையில்லைன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது." கெத்தாகப் பேசியதாக நினைப்பு. அந்தியூரில், புகுந்த வீட்டில், புதுப்பெண்ணாக எல்லோரோடும் உட்கார்ந்து அவள் அதை டிவியில் பார்த்திருக்கிறாள். அது எனக்கு வெகு காலம் தெரியாது.

அதன்பின் அவள் படகேறவில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் கூப்பிட்டேன். முதலில் மாமியாருக்கு முடியவில்லை என்றாள், அப்புறம் குழந்தை, அப்புறம் மஞ்சள் அறுவடை. "அடுத்த தடவ பாக்கலாங்க்கா." குரலில் ஒரு குறையும் இருக்காது. போனால் விருந்து போடுவாள், இலையில் இடம் இல்லாமல் பரிமாறுவாள். கேழ்வரகு மாவை மட்டும் வறுத்து அரைத்து பஸ்ஸில் போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தாள். அதைக் காய்ச்ச எனக்குத் தெரியாது, கட்டி தட்டிவிடும். அந்தக் கட்டிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டுதான் தேசமெல்லாம் நீந்தினேன். வெளிநாட்டுக் குளிர்கடலில்கூட நீந்தினேன். வெற்றிகள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவைதான். நேராக நீந்தத் தெரிந்துவிட்டதே, யார் தேவை? ஆனாலும் மூச்சுக்குத் திரும்பும்போதெல்லாம் இடப்பக்கம் தேடினேன். யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நல்லவர்கள், கெட்டிக்காரர்கள், வாந்தி எடுக்காதவர்கள். எனக்கு அவள்தான் வேண்டும் என்று இருந்தது. தண்ணீருக்குள் வாயைத் திறந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறேன். உப்புத்தண்ணீர்தான் உள்ளே போகும்.

போன மாதம் தங்கை தன் மகளைக் கோயமுத்தூரில் கல்லூரியில் சேர்த்து, விடுதியில் விட்டுவிட்டு, துடியலூரில் என் வீட்டுக்கு வந்தாள். நான் இங்கே பக்கத்தில் ஒரு குளத்தில் நீச்சல் சொல்லிக் கொடுக்கிறேன். கரையில் நின்று கத்துவதோடு சரி, இறங்குவதில்லை. தோளில் இரண்டு முறை கத்தி வைத்தாயிற்று. வலது கை காதுக்கு மேலே போகாது. தலையைப் பின்ன முடியாமல் ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்த என்னைப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, காக்கா கூடாட்டம் இருக்குது, இப்படி வந்து உக்காரு," என்று சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். மத்தியானம். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் கேட்க முடிந்தது.

"கல்யாணத்துக்கு வராமப் போனதுக்கு இன்னிக்கு வரைக்கும் உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல கண்ணு. என்னய மன்னிச்சுப்போடு," என்றேன்.

சீப்பு நின்றது. "அட, அதுக்கா இத்தன வருசமா என்னயப் பாத்தா முழிச்சுட்டு இருந்தே? கல்யாணத்துக்கு வரலன்னு எனக்குக் கோவமே இல்ல. போகச் சொன்னதே நாந்தான?"

"அப்பறம் ஏங் கண்ணு நீ வரவே இல்ல?"

மறுபடி சீவத் தொடங்கினாள். சிக்கு எடுப்பதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"தாலி கட்டறப்ப நானு கண்ண இறுக்கி மூடிட்டு வேண்டிட்டு இருந்தேன். புள்ளைக்கு எம்புட்டு பக்தின்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. என்ன வேண்டுனேன்னு தெரியுமா? நீ பாதியிலயே படகுல ஏறிப்போடோணும்னு வேண்டுனேன். நா இல்லாம நீ அக்கரை போயிரக்கூடாதுன்னு வேண்டுனேன். நீ போயிட்டே. போனதுமில்லாம டிவியில வந்து யார் மூஞ்சியும் தேவையில்லைன்னுட்டே. மாசாணியம்மன் கோயிலுக்குப் போயி உம்பேருல மொளகா அரைச்சுப் பூசிப்போடலாமான்னுகூட இருந்துச்சு. அக்காவாப் போயிட்டியேன்னு உட்டுட்டேன்."

எங்கள் ஊர் அம்மனிடம் அநியாயத்துக்கு நியாயம் கேட்பவர்கள் அப்படித்தான் மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. "அரைச்சிருக்கலாமே அம்மணி," என்றேன். "நா செஞ்சதுக்கு அதுதான் செரி. நீ இல்லாத கடல் ஒண்ணுகூட எனக்குப் புடிக்கல. செயிச்சதெல்லாம் செயிச்சேன். ஒண்ணுகூடப் புடிக்கல."

"சும்மா சொல்லாத."

"சத்தியமா."

அவள் பின்னலை மறுபடி கையிலெடுத்தாள். இறுக்கிப் பின்னி முடித்து, நுனியில் ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. நரை விழுந்து, கன்னம் சதை போட்டு, இருந்தாலும் எனக்கு மனப்பாடமான முகம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அதை ஆற அமரப் பார்த்தேன்.

"அக்கா, பொண்ணு காலேஜுக்கு வந்துட்டா. தோட்டத்த அவரு பாத்துக்குவாரு. எனக்கு இனிப் பெருசா சோலி கெடையாது. ஒரே ஒரு தடவ கடலுக்குப் போலாமா? நீ நீஞ்சு, நா உக்காந்துக்கறேன்."

என் கை காதுக்கு மேலே ஏறாது என்று அவளுக்குத் தெரியும். இப்போதுதான் என் தலையைப் பின்னி முடித்திருக்கிறாள். தெரிந்துதான் கேட்டாள்.

"போலாம் கண்ணு," என்றேன்.

"எப்ப?"

"பங்குனியில. கடல் அடங்கியிருக்கும்."

"செரி," என்று போனை எடுத்து அங்கேயே நம்பரை அழுத்தினாள்.

"ஏனுங்க, பங்குனியில ஒரு வாரம் நானு ஊட்டுல இருக்க மாட்டனுங்க. அக்கா நீஞ்சப் போறாங்க. நாங் கூடப் போயி உக்காரோணும்."